பருவுக்கு ஜெல் வாங்குகிற மலையகப் பிள்ளைகளுக்கு

அடாபலீன் ஜெல் பூசி முகமே எரிந்துபோச்சு என்று இந்தப் பக்கம் அடிக்கடி கேட்கிறேன். எல்லாரும் ஜெல்லைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசிக் குற்றம், ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கையில் கொடுக்கிற பாமசிகளுடையது. மிச்சம் நம்முடைய அவசரம். டவுனுக்குப் போய் "பருவுக்கு ஏதாவது தாங்க அண்ணே" என்றால் போதும், டொக்டர் எழுதிய துண்டுகூடக் கேட்காமல் ட்யூபைச் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கிற தாளோ பொடி எழுத்தில் ஆங்கிலம்.

துண்டில்லாமல் விற்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2016 இலிருந்து 0.1 சதவீத அடாபலீனை 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் துண்டில்லாமலே விற்கிறார்கள். ஆனால் எப்படிப் பூசுவது, எதைத் தவிர்ப்பது என்று வாங்குகிறவர் வாசிக்கிற மொழியிலேயே பெட்டியில் அடித்திருக்கும். நம்ம ஆட்களுக்கு யார் சொல்கிறார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது வந்த பருவின் மேல் பொட்டு வைக்கிற மருந்து இல்லை. விட்டமின் ஏ வகையறா. தோலின் துளைக்குள் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் முக்கிய வேலை, அதாவது இன்னும் வெளியே தெரியாத பருவையும் சேர்த்துத் தடுக்கிறது. அதனால் பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அள்ளிப் பூசினால் பரு சீக்கிரம் போகாது, தோல்தான் உரியும். ராத்திரி மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். கண்ணைச் சுற்றியும், மூக்கு மடிப்பிலும், உதட்டோரத்திலும் வேண்டாம். எங்கள் லயத்தில் ஒரு தங்கச்சிக்கு உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்து, கொட்டாவி விட்டால்கூட ரத்தம் கசிந்தது. பார்த்தால் அங்கேதான் தாராளமாகத் தேய்த்திருக்கிறாள்.

முதல் சில வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் போதும். மேலே வாசனையில்லாத மொயிஸ்சரைசர் கட்டாயம், அதுவும் தை, மாசிப் பனிக்காற்றில் நுவரெலியாப் பக்கம் சும்மாவே கன்னம் வெடிக்கிற நேரத்தில். ஜெல் பூசுகிற நாட்களில் எலுமிச்சம்பழம், ஸ்க்ரப், டூத்பேஸ்ட் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பூசுகிற இடத்தில் வெக்ஸிங்கும் வேண்டாம், தோலோடு வந்துவிடும்.

பிறகு வெயில். இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறுகிறார்கள். குளிர்கிறது, மூடுபனி, வெயிலே இல்லையே என்கிறார்கள். குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமே கிடையாது. உயரம் 1000 மீற்றர் கூடக்கூட அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1800 மீற்றருக்கு மேலே. மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதும் இல்லை. ஜெல் பூசுகிற தோலுக்கு வெயில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும், நம்ம நிறத்துக்கு அது கறுப்புத் தழும்பாக நின்றுவிடும். எஸ்பிஎஃப் 30 சன் கிறீம் போடச் சொல்வது சுலபம், அதன் விலையைப் பார்த்தால் ஒரு நாள் பேர் போட்ட சம்பளம் கண்ணுக்கு முன்னால் வரும். முடியாதவர்கள் அகலமான தொப்பியாவது போடுங்கள். கொழுந்தெடுக்கிற அக்காமார் கூடைக்கயிறு நெற்றியில் உரசுகிற இடத்தில் பூசாதீர்கள், வியர்வையும் சேர்ந்து புண்ணாகிவிடும்.

பூச ஆரம்பித்த புதிதில் பரு கூடினால் பயப்படாதீர்கள், சிலருக்கு அப்படி ஆவதுண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ஆனால் முகம் வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ பொறுக்க வேண்டியதில்லை, நிறுத்திவிட்டு டொக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் பூச வேண்டாம். தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம்தான், இருந்தாலும் பருவுக்காக அந்த ஆபத்து எதற்கு? இதே குடும்பத்தில் ஐசோட்ரெட்டினோயின் என்று குளிசை இருக்கிறது, அது வயிற்றுப் பிள்ளையை நிச்சயமாகப் பாதிக்கக்கூடியது. டொக்டர் பார்வை இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல்யாணம் ஆன பெண் பருவுக்கு மருந்து கேட்டால் கர்ப்பமா என்ற இந்த ஒரு கேள்வியையாவது கேட்க ஒரு பாமசிக்காரருக்கு அரை நிமிடம் போகுமா?

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். மூன்றாவது வாரம் பொறுமை போய் ஜெல்லை வீசிவிட்டு, சலூனில் பெயரில்லாத டப்பாவில் விற்கிற வெள்ளையாக்கும் கிறீமுக்குப் போகிறார்கள். ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும், பரு அமுங்கும். அதில் பலவற்றில் ஸ்டீரோயிட் கலந்திருக்கும், சிலதில் பாதரசம். விட்டதும் முன்னைவிட மோசமாகப் பரு வெடிக்கும், தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும். உங்கள் வீட்டு ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல் என்று எழுதியிருந்தால் அதுவும் ஸ்டீரோயிட்தான், பருவுக்கு அதைத் தொடாதீர்கள். மாதக்கணக்கில் ஏற்கனவே பூசி வருகிறீர்கள் என்றால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.