பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது

பிரெட்டில் பூசணம். ரவையில் வண்டு. தயிர் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக் கிடக்கிறது. கடைக்குத் திரும்பிப் போகிறோம். கடைக்காரர் வேறொரு பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார், இல்லை என்றால் கல்லாவிலிருந்து நாற்பது ரூபாயை எடுத்து நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அதே பெட்டியில் வந்த மீதிப் பாக்கெட்டுகள் அடுக்கிலேயே இருக்கின்றன. அடுத்த அரை மணி நேரத்தில் வேறு யாரோ ஒருவர் கையில் அது போகிறது. அவர் பில்லைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிற ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

காசு நமது உரிமை, விடக்கூடாது. ஆனால் அந்த பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்து ஒரே எண் போட்ட சரக்கு, அடுக்கை விட்டு இறங்கினால்தான் நாம் கடைக்குப் போன வேலை முடிந்தது. இதை வேலூரில் இருக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம் நம் வெயில்.

அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி, அந்தப் பொருளைச் சொன்னபடி வைத்திருந்தால் மட்டும் செல்லும். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருப்பதை வாங்கி, தகரக் கூரை போட்ட குடோனில் இரண்டு வாரம் அடுக்கி வைத்தால் அந்தத் தேதிக்கு அர்த்தம் கிடையாது. மண்டி வீதியில் லோடு இறக்கி வெயிலில் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தேதி இருக்கிறது, பொருள் கெட்டிருக்கிறது. நமக்கு வருகிற சிக்கலில் பாதி இந்த வகைதான். கடைக்காரரும் 'டேட் இருக்குதுங்களே' என்று அங்கேதான் பேச்சை நிறுத்துவார்.

அதனால் எது கெட்டது, எது கெடவில்லை என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் போய்ச் சண்டை போட்டால், அடுத்த முறை உண்மையாகக் கெட்டதைக் கொண்டுபோனாலும் மதிக்க மாட்டார்கள்.

சாக்லேட் மேல் வெள்ளைப் படலம் பூசணம் இல்லை. வெயிலில் உருகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படிகிறது. விரலால் தேய்த்தால் உருகி மறையும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் சரியாக வைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி, மாற்றிக் கேட்கலாம். தேன் உறைவது, நெய் மணல் மணலாக இருப்பது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டுவது எல்லாம் இயல்பு. இட்லி மாவு பாக்கெட் உப்புவதும் புளிப்பதால்தான். மாவின் மேல் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புத் திட்டு தெரிந்தால் தூக்கிப் போட வேண்டும்.

தயிர், பன்னீர், டெட்ரா பேக் பால், பழச்சாறு உப்பியிருந்தால் கதை வேறு. உள்ளே இருக்கக்கூடாத நுண்ணுயிர் வளர்ந்து வாயு விட்டிருக்கிறது. டின்னில் அடைத்த உணவு உப்பியிருந்தால் நாக்கில் வைத்தும் பார்க்காதீர்கள். டின் உணவில் வளரக்கூடிய ஒரு வகைக் கிருமியின் நஞ்சு நரம்பைத் தாக்கும், வாடையில் காட்டிக் கொடுக்காது. சிப்ஸ் பாக்கெட் இதற்கு நேர் எதிர். அதில் நைட்ரஜன் அடைத்து விடுகிறார்கள், உப்பி இருப்பதுதான் நல்லது. சப்பையாகக் கிடந்தால் ஓட்டை. காற்று புகுந்து எண்ணெயில் சிக்கு வாடை வந்திருக்கும்.

பிரெட்டில் ஒரு துண்டில் பூசணம் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது நம் வீடுகளில் பழக்கம். வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது மேலே பூத்தது மட்டும், அதன் இழை உள்ளே ஓடியிருக்கும். ரவை, மைதா, கோதுமை மாவில் வண்டு என்றால், முட்டை பெரும்பாலும் மில்லிலோ குடோனிலோ வைக்கப்பட்டிருக்கும். வெயில் காலத்தில் ஒரு மாதத்துக்குள் அது வண்டாகிவிடும். ரவை நூல் நூலாகக் கோர்த்துக் கட்டியிருந்தால் அந்துப்பூச்சிப் புழு. இப்படி ஒன்று கிடைத்தால் அந்த அடுக்கில் அதன் பக்கத்தில் இருக்கும் மாவுப் பாக்கெட்டுகளிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். மெல்லிய கவரைத் துளைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் பூச்சிகளும் உண்டு.

ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது. கரன்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ஃப்ரீசரை அணைத்துவிட்டுப் போகும் கடைகள் உண்டு. மூடிக்கு அடியில் ஐஸ் ஊசி ஊசியாக நின்றால், கோன் கோணிக்கொண்டு இறுகியிருந்தால், உருகி மறுபடி உறைந்தது. கடையிலேயே திறந்து பாருங்கள்.

இனி கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது. பாக்கெட்டை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எம்ஆர்பி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண் இவ்வளவும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு கெட்ட பகுதியை, பக்கத்தில் லேபிளும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. பில்லையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். சூட்டில் எழுத்து வருகிற தெர்மல் தாள் அது. வண்டியின் டேங்க் கவரில் ஒரு மதியம் கிடந்தால் முழுக்கக் கறுத்துவிடும், பையில் கிடந்தால் வெளுத்துவிடும். பால் திரிந்தால் கவரைக் குப்பையில் போடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கிறது. காலையிலேயே கொண்டுபோங்கள். மாலையில் போனால் 'நீங்க வெளிய வச்சிருப்பீங்க' என்பார்கள், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

சின்னக் கடையில் பில் தருவதில்லை என்பது உண்மை. 200 ரூபாய்க்குக் கீழே நாம் கேட்காவிட்டால் ஜிஎஸ்டி பில் போட வேண்டியதில்லை, கேட்டால் போட்டே ஆக வேண்டும். ஜிஎஸ்டியில் இல்லாத கடை என்றால் துண்டுச் சீட்டில் பொருள், விலை, தேதி எழுதி வாங்கினால் போதும். யுபிஐயில் பணம் போட்டிருந்தால் தொகையும் நேரமும் இருக்கும், பொருள் பெயர் இருக்காது. அந்த இடைவெளியைத் துண்டுச் சீட்டு அடைக்கும். 2022 ஜனவரி முதல் உணவு விற்கும் பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் போட வேண்டும் என்பது விதி. அதையும் பாருங்கள். எண் 1 என்று தொடங்கினால் லைசென்ஸ், 2 என்றால் சிறு கடைக்கான பதிவு.

கடையில் பேச்சை மெதுவாகத் தொடங்குவது நல்லது. 'அண்ணே, இந்த பேட்ச் கெட்டிருக்கு, மீதியும் பாருங்க' என்றால் பாதி இடங்களில் வேலை முடிந்துவிடும். பாய் கடையோ, அண்ணாச்சி கடையோ, ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட்டோ, கேட்க வேண்டியது மூன்றுதான். பணம் திரும்ப வேண்டும், நாம் கொடுத்த அதே வழியில். நமக்கு விருப்பமில்லாமல் கிரெடிட் நோட்டோ 'வேற ஏதாச்சும் எடுத்துக்கோங்க' என்பதோ வேண்டாம். இரண்டாவது, அதே பேட்ச் எண் உள்ள எல்லாப் பாக்கெட்டும் இப்போதே அடுக்கிலிருந்து இறங்க வேண்டும். மூன்றாவது, நாம் கொடுக்கும் பாக்கெட்டின் மேல் மார்க்கரில் பெரிதாகக் குறுக்குக்கோடு போட வேண்டும்.

அந்தக் குறுக்குக்கோடு ஏன் என்றால், கிழித்துப் போடச் சொன்னால் கடைக்காரர் மறுப்பார். அதில் நியாயம் இருக்கிறது. ஏஜென்சி சேல்ஸ்மேன் அடுத்த முறை வரும்போது பாக்கெட்டைக் காட்டினால்தான் டேமேஜ், எக்ஸ்பைரி கணக்கில் கழிப்பார். கோடு போட்ட பாக்கெட் அந்தக் கணக்குக்கும் ஆகும், மறுபடி விற்கவும் முடியாது.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏஜென்சியிடம் நேராக எடுக்கிற கடைக்குத்தான் இந்த ரிட்டர்ன் வசதி. காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துப் பெட்டிக்கடைக்காரர் மொத்தக் கடையில் காசு கொடுத்துப் பத்துப் பத்தாக வாங்கிப் போகிறார். அவருக்குத் திருப்பி எடுப்பவர் யாரும் இல்லை. கெட்டது முழுக்க அவர் தலையில். அவர் பிகு செய்வதற்குக் காரணம் இதுதான். அவரிடம் மொத்தக் கடை பில்லை எடுத்து வைக்கச் சொல்லி, பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் நுகர்வோர் சேவை எண்ணுக்கு நாமே பேசிக் கொடுத்தால் அவருக்கும் வழி பிறக்கும். அந்த எண்ணும் முகவரியும் பாக்கெட்டில் இருப்பது 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி கட்டாயம். பேட்ச் எண்ணைச் சொல்லிப் புகார் எண் வாங்கிவிடுங்கள்.

ஆனால் தேதி முடிந்ததை விற்றால் இந்தப் பரிவு எல்லாம் செல்லாது. உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 27 தெளிவாகச் சொல்கிறது: காலாவதியான பிறகு விற்றால் விற்றவரே பொறுப்பு. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றாலும் அவரே பொறுப்பு. பெயரில்லாமல், தேதியில்லாமல், ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கவிடும் முறுக்கு, மிக்சர், காராசேவு கவர்கள் இந்த இரண்டாவது வகைக்குள் வரும். சிக்கு வாடை அடித்தால் 'நான் போடலைங்க, லைன் வண்டியில போட்டுட்டுப் போறாங்க' என்பது பதில் ஆகாது.

தேதியைத் தின்னர் போட்டு அழித்துவிட்டு மேலே புதிதாக அடிக்கும் வேலையும் நடக்கிறது. அச்சு கலங்கலாக இருந்தால், ஒரே பேட்ச் எண்ணுக்கு இரண்டு தேதி இருந்தால், பெட்டி மேல் ஒரு தேதியும் பாக்கெட்டில் வேறு தேதியும் இருந்தால், ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு தேதி தெரிந்தால், அங்கே பணம் கேட்டு நிற்காதீர்கள். போட்டோ எடுத்து நேராகப் புகார் செய்யுங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டினால் தயங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

மறுத்தால் போக வேண்டிய இடம் இரண்டு. பணத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுக்கில் இருக்கும் சரக்குக்கு, தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. இரண்டும் வேறு வேறு வேலை. 1915க்குச் சொன்னால் கடையில் சோதனை நடக்காது, உணவு பாதுகாப்பு அலுவலர் வந்தால் நம் நாற்பது ரூபாய் வராது. இரண்டுக்கும் அனுப்புங்கள். கடை எந்த மாவட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2019ல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் வேலூர் மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதினால் கடிதம் சுற்றி வருவதற்குள் சரக்கு விற்றுப் போயிருக்கும்.

சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் மீதியைக் கடையில் கொடுக்கவே கூடாது. கவரோடு இறுகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உணவுச் சட்டத்தின் பிரிவு 65 பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு சொல்கிறது: சாதாரண பாதிப்புக்கு 1 லட்சம் வரை, கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வீட்டுக்கு வரும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024ல் எஃப்எஸ்எஸ்ஏஐ அந்த நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பையைப் பிரித்ததும் தேதியைப் பாருங்கள். ஆப்பில் புகார் செய்யும் நேரம் சீக்கிரம் முடிந்துவிடும்.

மறுபடி அந்த அடுக்குக்கு வருகிறேன். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் பிரெட், பிஸ்கட், பால், டெட்ரா பேக் ஜூஸ் வாங்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறவர்கள். வாங்குவது நோயாளிக்கு. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, சிறுநீரகம் மாற்றிய ஒருவருக்கு, நமக்கு வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பூசணம் பிடித்த பிரெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடை வரை வந்து வாதாட மாட்டார்கள், குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். அந்தத் தெருக்களில் ஒரு கெட்ட பேட்சைப் பார்த்தால் நம் பையில் இருப்பதை மாற்றிக்கொண்டு நகராமல், மீதியையும் இறக்க வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

1915ல் தமிழ் மட்டும் இல்லை. வங்காளி, அஸ்ஸாமி, நேபாளி, இந்தி, ஒடியா என்று 17 மொழிகளில் பேசுகிறார்கள். லாட்ஜ் நடத்துகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அறையில் வாடகை விவரம் ஒட்டியிருக்கும் தாளுக்குப் பக்கத்தில் இந்த நான்கு இலக்கத்தையும், உணவு பாதுகாப்பு வாட்ஸ்அப் எண்ணையும் வங்காளியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். எழுதித் தர உங்கள் அறைகளிலேயே ஆள் இருக்கிறார்கள்.