பஞ்சாலை அக்காவின் இடுகைகள் யாரிடமாவது உண்டா?

2005, 2006 வாக்கில் தமிழ் வலைப்பூ எழுதியவர்கள், படித்தவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் முடிவில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, கோவைப் பக்கத்துப் பஞ்சாலை வாழ்க்கையை எழுதிய அக்காவின் இடுகை ஒன்று ஞாபகம் வந்தது. பழைய ஆட்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். மில் சங்கு ஊதியதும் நூல் சுற்றும் ரீலிங் பிரிவிலிருந்து வெளியே வரும் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் பஞ்சு எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருப்பார். உட்கார்ந்து பேன் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது, அதனால் நின்றபடியே, பேசிக்கொண்டே, கண் பஸ் வருகிற திசையில் இருக்க விரல் மட்டும் பஞ்சைத் தேடும். அதை மறுபடி படிக்க வேண்டும் போலிருந்தது. முகவரி எனக்கு மனப்பாடம். போனில் அடித்தேன். ரம்மி ஆடச் சொல்லி ஒரு பக்கம் திறந்தது.

அக்கா 2017-ல் இறந்துபோய்விட்டார். இலவச பிளாக்ஸ்பாட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், எழுத்து நிலைக்க வேண்டும் என்றுதான் சொந்தமாக டொமைன் என்னும் இணையப் பெயர் வாங்கி, சர்வரில் இடம் வாங்கி, எல்லா இடுகைகளையும் அங்கே மாற்றிவிட்டுப் பழையதை மூடினார். வருடா வருடம் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நினைவூட்டல் மடல்கள் அவருடைய மின்னஞ்சலுக்கே வந்து குவிந்திருக்கும், அதை யார் திறப்பது? கெடு முடிந்ததும் கோப்புகள் அழிந்தன, பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். பிளாக்ஸ்பாட்டிலேயே விட்டிருந்தால் இன்றும் அங்கேயே கிடந்திருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

அன்று விடியும் வரை பழைய சுட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நான் குறித்து வைத்திருந்த 61 வலைப்பூக்களில் 23 திறக்கவில்லை. தமிழ்மணத்தின் பழைய முகப்பு இல்லை. எல்லோருடைய வலைப்பூ இடுகைகளையும் ஒரே இடத்தில் காட்டும், 2004-ல் தொடங்கிய திரட்டி அது, புதியவர்களுக்காகச் சொல்கிறேன். யார் எழுதினாலும் கொஞ்ச நேரத்தில் முகப்பில் வரும், பின்னூட்டம் விழ விழ மேலே ஏறும், வாரம் ஒருவரை நட்சத்திரமாக உட்கார வைப்பார்கள், அந்த வாரம் முழுக்க எழுதுவதற்காக அலுவலகத்துக்கு லீவு போட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் முன்னால் யாஹூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று இருந்தன. கவிதையும் சண்டையும் இலக்கணமும் மடல் மடலாக ஓடிய இடங்கள். யாஹூ 2019 இறுதியில் பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்தது, 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடியது. இலவசப் பக்கங்கள் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-லேயே போயிற்று. பதிவர்கள் பலர் குடிபோன கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போயிருக்கின்றன. ஆங்கிலத்தில் 38 போனால் 62 மலைபோல மிச்சம் இருக்கிறது. நம்மிடம் இருந்ததே கொஞ்சம்.

அந்தக் கொஞ்சத்தையும் எவ்வளவு பாடுபட்டு ஏற்றினோம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு. திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் எழுதியதை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புள்ளியும் கொம்பும் முளைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரியும். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் வந்த பிறகுதான் பலருக்கு வீட்டுக் கணினியில் தமிழ் அடிக்கவே முடிந்தது. பழைய கட்டுரையைச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தி, அது தமிழாக மாறி நிற்பதைப் பார்த்த சந்தோஷம் இன்றைக்குப் போனில் பேசியே தட்டச்சு செய்கிறவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

எனக்கு மின்னூல் மீதோ இணையத்தின் மீதோ ஒரு கோபமும் கிடையாது. ரீலிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு 1985-ல் புத்தகம் போட எந்தப் பதிப்பகம் முன்வந்திருக்கும்? ஆயிரம், ஆயிரத்து இருநூறு படி அச்சடிக்க வேண்டும், அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால்தான் போட்ட காசு திரும்பும் என்ற கணக்கில் அவருக்கு இடமே இருந்திருக்காது. இப்போது ஐம்பது படி கூட அச்சிடலாம், அச்சே இல்லாமலும் வெளியிடலாம். 2016-ல் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் விற்க ஆரம்பித்த பிறகு, பதிப்பாளர் முகமே பார்க்காத எத்தனையோ பேர் எழுத்தாளர் ஆகியிருக்கிறார்கள். இதெல்லாம் பெரிய விடுதலை. நான் சொல்ல வருவது வேறு. அந்த ஆயிரத்து இருநூறு படியும் ஆயிரத்து இருநூறு இடத்துக்குப் போயின. பதிப்பகம் மூடினாலும் ஏதோ ஒரு கிளை நூலகத்தில், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒன்று மிஞ்சும். இன்றைக்கு நாம் போடும் பதிவை ஐயாயிரம் பேர் படித்தாலும் படி ஒன்றுதான், அதுவும் நம்மிடம் இல்லை.

காகிதம் என்றால் பத்திரம் என்றும் நான் சொல்லவில்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது 97,000 புத்தகங்கள் ஒரே இரவில் போயின, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பழைய செய்தித்தாள்களையும் 2005-லிருந்து தேடித்தேடி ஸ்கேன் செய்து நூலகம் வலைத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களே, அந்தத் தன்னார்வலர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தீ ஞாபகம் வரும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படித்தான். முகம் தெரியாத ஆட்கள் பல நாடுகளிலிருந்து சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் தட்டச்சு செய்து கொடுத்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இன்று அந்தத் தளமே நின்றுபோனாலும் அந்தக் கோப்புகள் எத்தனையோ கணினிகளில் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிச் சம்பாதித்த காசில் பழைய புத்தகமும் நோட்டீசும் சேர்த்தார். அவர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சியாளர்கள் வரிசைகட்டி நிற்கும் நூலகம்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அம்மாவுக்கு 71 வயது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு போனில் தொடர்கதை படிப்பார். "அடுத்த யூடி எப்போ போடுவீங்க" என்று, அதாவது அடுத்த அத்தியாயம் எப்போது என்று, எழுதியவருக்குக் கேள்வி கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். அந்தக் கதைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிந்ததும் முதலிலிருந்து படிக்கச் சில நாள் ரீரன் விட்டுவிட்டு, இன்று இரவு பத்து மணிக்கு லிங்க் எடுத்துவிடுவேன் என்று அறிவிப்பார்கள், பிறகு அது கிண்டிலுக்கோ அச்சுக்கோ போய்விடும். திருட்டு பிடிஎஃப் டெலிகிராமில் ஓடும் காலத்தில் எழுதுகிறவருக்கு நாலு காசு வர வேறு வழி என்ன, அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஒரு நாள் அம்மா ஒன்பதரை மணிக்கு அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார். பழைய டைரி, பேங்கில் கொடுத்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, கதையின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார். திரை அணைய அணைய இடது கை விரலால் தட்டிக்கொள்கிறார். "பத்து மணிக்கு எடுத்துருவாங்கடா, இந்தக் கடுதாசி வர்ற இடம் மட்டுமாவது எழுதி வச்சுக்கறேன்" என்றார். ஓலை செல்லரிக்கும் முன்னே இன்னொரு ஓலையில் படி எடுத்துப் படி எடுத்துத்தான் சங்கப் பாட்டு சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே.சா. கைக்கு வந்து சேர்ந்தது. என் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

காசு கொடுத்து வாங்கியதாவது நம்முடையதா? ஒரு தமிழ் மின்னூல் செயலியில் நான் நாற்பதுக்கு மேல் புத்தகம் வாங்கினேன். போன் மாற்றிய பிறகு தேடினால் செயலியே கடையில் இல்லை, மடல் போட்டால் திரும்பி வந்துவிட்டது. பெரிய நிறுவனம் என்றால் மட்டும் என்ன? விற்க உரிமை இல்லாதவர் ஏற்றிவிட்டார் என்று 2009 ஜூலையில் அமேசான் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், சரி. ஆனால் புத்தகக் கடைக்காரர் ராத்திரியில் வந்து நம் அலமாரியைத் திறக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 2025 பிப்ரவரியில் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நாம் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டும்.

இன்னொரு சிக்கல் காப்புரிமை. எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் என்பது நம் சட்டம். அப்படியென்றால் அக்காவின் எழுத்து 2077 முடியும் வரை காப்புரிமையில் இருக்கும். யார் திருடிவிடுவார்கள் என்று சட்டம் காவல் காக்கிறதோ அவர்கள் வருவதற்குள் எழுத்தே அழிந்துவிடும் போலிருக்கிறது. பாரதியின் எழுத்துரிமையை 1949-ல் அரசு வாங்கியது, பிறகு அது பொதுவானது. அரசு அப்படி நாட்டுடைமை ஆக்குவது பெயர்பெற்ற சிலருடையதைத்தான். வலைப்பூ எழுதிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது நடக்காது. அதனால்தான் 2013-லிருந்து நடக்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் முயற்சி எனக்கு அவ்வளவு பிடிக்கும். யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் தரச் சம்மதித்தால் வலைப்பூவையே மின்னூலாக்கி, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கிறார்கள். அக்காவிடம் கேட்டிருந்தால் உடனே தந்திருப்பார். கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற எழுத்தாளர்கள், பதிவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பிளாக்ஸ்பாட்டில் எழுதுகிறவர்களுக்குப் பிளாக்கர் அமைப்புகளில் காப்பு எடுக்கும் வசதி இருக்கிறது, எல்லா இடுகையும் பின்னூட்டமும் ஒரே கோப்பாக வரும். படங்களும் வந்தனவா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக எடுக்க வேண்டும். முகநூலில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும்போது எச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசான் வடிவத்தில் எடுத்தால் தமிழ் முழுக்கக் குறியீடுகளாக உடைந்து வரும், நான் பட்டிருக்கிறேன். பொதுவில் திறக்கிற பக்கமாக இருந்தால் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியை ஒட்டிச் சேமிக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். முகநூல் பதிவுகள் அங்கே பெரும்பாலும் ஏறாது, ஆகவே முகநூலில் மட்டும் எழுதுகிறவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். எடுத்த கோப்பை இன்னும் இரண்டு பேருக்கு அனுப்புங்கள். கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். எல்ஐசி பாலிசி எங்கே இருக்கிறது என்று சொல்கிறோம் இல்லையா, அதோடு சேர்த்து.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். வேபேக் மெஷினில் அவருடைய முகப்பு ஒரே ஒரு முறை, 2009-ல், பதிவாகியிருக்கிறது. வலப்பக்கப் பட்டியலில் தலைப்புகள் வரிசையாகத் தெரிகின்றன, தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் பல் தேய்க்கும்போது சட்டென்று ஒன்று தோன்றியது. அந்தக் காலத்தில் ஃபீட்பர்னர் வழியாக வலைப்பூக்களுக்கு மின்னஞ்சலில் சந்தா கட்டிக்கொள்ளலாம், புது இடுகை முழுதாக நம் மடல்பெட்டிக்கே வந்துவிடும். 2021-ல்தான் அதை நிறுத்தினார்கள். வாய் கொப்பளிக்காமல் ஓடிவந்து ஜிமெயிலில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். 163 மடல்கள். 2008 மார்ச்சிலிருந்து அவர் உடம்பு முடியாமல் போன 2015 வரை, ஒன்று விடாமல் இருக்கின்றன. பாதி நான் திறந்தே பார்க்காதவை. அவர் மகளுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா எங்களைப் பத்திக்கூட எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். மின்னூலாக்கச் சம்மதம் சொல்லிவிட்டார், பிழை திருத்தும் வேலையும் தொடங்கிவிட்டது.

ஆனால் முதல் மூன்று வருடம் இல்லை. 2005 முதல் 2008 பிப்ரவரி வரை 79 இடுகைகள், பஞ்சு எடுத்துவிடும் பெண்களைப் பற்றிய அந்த 2006 இடுகையும் அதில்தான். எனக்கு முன்பே யாராவது மின்னஞ்சலில் சந்தா கட்டியிருக்கலாம், பிடித்த இடுகையை யாராவது நண்பருக்கு அனுப்பியிருக்கலாம், அலுவலகத்தில் அச்செடுத்துப் பையில் வைத்து பஸ்ஸில் படித்தவர்களும் அப்போது இருந்தார்கள். பழைய மடல்பெட்டிகளைத் திறந்து "ரீலிங்" என்று தமிழில் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் "மில் சங்கு" என்று தேடுங்கள். எது கிடைத்தாலும், அரைகுறையாக இருந்தாலும், உள்பெட்டியில் அனுப்புங்கள்.