பாட்டு டிஜே பெயரில், பாரம் பாடகியின் தொண்டையில்

இ.டி.எம். என்கிற மின்னணு நடன இசை வந்து அமெரிக்க பாப் ரேடியோவையே வளைத்துப் போட்டது என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2009இல் ஆரம்பித்து 2016 வரைக்குமான அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே டேவிட் கெட்டா, கால்வின் ஹாரிஸ், அவிச்சி, தி செயின்ஸ்மோக்கர்ஸ் என்று டிஜே பெயர்களாகவே அடுக்குவார்கள். எனக்கு அந்தக் கதையில் பாதிதான் உடன்பாடு. டிஜேக்கள் ஜெயித்தார்கள், சரி. ஆனால் அவர்களை ரேடியோவுக்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது பாடுகிறவர்கள். அப்படிக் கூட்டிப் போனதற்கு எஃப்.எம். ரேடியோவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன்.

முதலில், ஏன் குரல் வேண்டியிருந்தது? கிளப்பில் போடுவதற்கென்று ஹவுஸ் என்ற நடன இசை வகையில் செய்கிற டிராக்கின் முதல் 32 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) பெரும்பாலும் வெறும் தாளம். 128 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 தட்டு என்று கணக்குப் போட்டால் அது சரியாக ஒரு நிமிடம். முந்தைய பாட்டோடு இழைத்துக் கலப்பதற்காக டிஜேக்கு விட்டுவைத்த இடம் அது. காரில் போகிறவன் இந்த ஒரு நிமிடம் பொறுமையாக இருப்பானா? பத்து விநாடியில் அடுத்த ஸ்டேஷனுக்குத் தாவிவிடுவான். அதிலும் 2007 முதல் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் நேயர் கணக்கெடுப்பு முறையே மாறியது, டைரியில் எழுதித் தருவது போய், காதில் விழுகிற ஸ்டேஷன் எது என்பதைத் தானே பதிந்துகொள்ளும் சின்னக் கருவியை ஆட்களிடம் கொடுத்தார்கள். யார் எந்த நிமிடத்தில் ஓடினார்கள் என்பது ஸ்டேஷன்காரருக்குத் தெரிய ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் வெறும் டிரம்மை ஓட விட யாருக்குத் துணிச்சல் வரும்? ஆக முன்னால் இருப்பதை வெட்டு, குரலைச் சீக்கிரம் கொண்டு வா, டிராப், அதாவது தாளம் முழுசாக வெடித்து இறங்குவது, வருகிற இடத்தில் மனதில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ஹுக் வை, மூன்றரை நிமிடத்தில் முடி.

2011இல் வந்த 'லெவல்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். அவிச்சி செய்த அந்த மெட்டு உலகம் முழுக்க அதிர்ந்தது. அதில் கேட்கிற குரல் எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடியதிலிருந்து எடுத்தது. இருந்தும் அமெரிக்க பாப் ரேடியோவில் அது பெரிதாக ஏறியது ஃப்ளோ ரைடா அதன்மேல் ராப் செய்து 'குட் ஃபீலிங்' என்று விட்ட பிறகுதான், அமெரிக்காவின் முக்கிய ஹிட் பாட்டுப் பட்டியலான ஹாட் 100இல் 3ஆம் இடம் வரை போனது. அதே மெட்டு, வாய் வைத்துப் பேச ஓர் ஆள் கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். ரேடியோ ஒரு பாட்டை ஒலிபரப்பினால் ராயல்டி போவது எழுதி மெட்டமைத்தவர்களுக்கும் அவர்களுடைய பதிப்பாளர்களுக்கும் மட்டும். பாடியவருக்கு ஒரு சென்ட் கிடையாது! உலகின் பெரும்பாலான நாடுகளில் பாடியவருக்கும் பங்கு உண்டு, அமெரிக்காவிலேயே செயற்கைக்கோள் ரேடியோவும் இணைய ரேடியோவும் கொடுக்கின்றன, பழைய கோபுர ரேடியோ மட்டும் கொடுக்காது. "உன் பாட்டுக்கு நான் இலவச விளம்பரம் தருகிறேனே" என்பது அவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லும் வாதம். இதை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் மசோதா வரும், ஒலிபரப்பாளர்கள் எதிர்ப்பார்கள், அப்படியே கிடக்கும்.

ராக் பாண்டுக்கோ நாட்டுப்புறப் பாடகருக்கோ இது அவ்வளவு உறைக்காது, ஏனென்றால் பாடுகிறவரே பல நேரம் எழுதுகிறவராகவும் இருப்பார். இ.டி.எம்.மில்தான் இது பச்சையாகத் தெரிகிறது. செட் என்ற டிஜேயின் 'கிளாரிட்டி'யை எடுத்துக்கொள்ளுங்கள், ஹாட் 100இல் 8ஆம் இடம் வரை போன பாட்டு. எழுத்தாளர் பட்டியலில் செட், மேத்யூ கோமா, போர்ட்டர் ராபின்சன், ஸ்கைலர் கிரே என்று நான்கு பேர். அந்தப் பாட்டை நாம் நினைவில் வைத்திருக்கிற குரலுக்குச் சொந்தக்காரர் ஃபாக்சஸ் என்ற பாடகி, அவர் பட்டியலில் இல்லை. அமெரிக்க எஃப்.எம்.மில் அது எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருந்தாலும் அந்தக் கணக்கில் அவருக்குப் பூஜ்யம். பாடகி சியா கொஞ்சம் தப்பித்தார், கெட்டாவின் 'டைட்டேனியம்' அவரும் சேர்ந்து எழுதியது. வேடிக்கை என்னவென்றால் அதில் அவர் பாடியது வேறொரு பாடகிக்குக் காட்டுவதற்கான டெமோவாக, கெட்டா அதையே வைத்து வெளியிட்டுவிட்டார். அவிச்சியின் 'வேக் மீ அப்' பாடிய ஆலோ பிளாக்கும் அந்தப் பாட்டின் எழுத்தாளர்களில் ஒருவர், எனவே ராயல்டி உண்டு. ஆனால் 2013இல் அது வெளிவந்தபோது கலைஞர் பெயர் போடும் இடத்தில் அவிச்சி என்று மட்டும்தான் இருந்தது, ஆலோ பிளாக் பெயரைக் காணோம்.

இது புதிதில்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. 1990இல் 'கான்னா மேக் யூ ஸ்வெட்' பாட்டில் அந்த இடி மாதிரிக் குரல் மார்த்தா வாஷுடையது. வீடியோவில் வாயசைத்தது ஒல்லியான வேறொரு பெண். பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவும் அவர் குரலை வைத்துக்கொண்டு ஒரு மாடலை முன்னால் நிறுத்தியது. அவர் வழக்குப் போட்டார், பணமும் வந்தது, பெயரும் வந்தது. பிறகு அவ்வளவு துணிச்சலாக ஒளித்துவைப்பது குறைந்தது, ஆனால் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

பெயர் போடுவதிலும் ஒரு கூத்து. 2011இல் 'வி ஃபவுண்ட் லவ்' வந்தபோது பாடகி ரிஹானா முதலில், "ஃபீச்சரிங்" (உடன் பங்கேற்பவர்) கால்வின் ஹாரிஸ். ஹாட் 100இல் 10 வாரம் முதலிடம். 2016இல் அதே இருவர் சேர்ந்த 'திஸ் இஸ் வாட் யூ கேம் ஃபார்' பாட்டில் கால்வின் ஹாரிஸ் முதலில், "ஃபீச்சரிங்" ரிஹானா. ரிஹானாவையே பின்னுக்கு நகர்த்தும் அளவுக்கு ஐந்தே வருடத்தில் நிலைமை மாறியிருந்தது. நம் ஊரில் இதைப் பெரிதாக எடுக்க மாட்டோம், ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு என்றுதானே நாமும் சொல்கிறோம்.

"டிஜேதான் பாட்டையே உருவாக்குகிறார், அவருக்குத்தான் அதிகம் போகவேண்டும்" என்று வருவீர்கள், வாருங்கள். அதிகம் போகட்டும், ஏற்கனவே போகத்தான் செய்கிறது. ஃபோர்ப்ஸ் 2013இல் கால்வின் ஹாரிஸின் ஒரு வருட வருமானத்தை 4.6 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் ரேடியோ காசு சின்னப் பங்குதான் இருக்கும், லாஸ் வேகாஸ் கிளப்புகளிலும் விழாக்களிலும் வாசிக்கிறார்களே, பெரிய பணம் அங்கே. அங்கேயும் பாடகி வரவேண்டியதில்லை, பென் டிரைவில் அவர் குரல் வந்துவிடும், கூட்டமே சேர்ந்து பாடிவிடும். ரேடியோவில் ஹிட் ஆனதால்தான் அந்த மேடைச் சம்பளம் ஏறுகிறது, ஹிட் ஆனதில் பாதி வேலை அந்தக் குரல் செய்தது. ரேடியோ தரும் "இலவச விளம்பரம்" யாருக்குப் பயன்படுகிறது என்று பார்த்தீர்களா?

அந்த அலை ஓய்ந்து ஹிப்ஹாப் முன்னால் வந்து, 2022இல் பியான்சே 'பிரேக் மை சோல்' மூலம் ஹவுஸைத் திரும்ப முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். சிகாகோவில் கறுப்பின, தன்பாலின இளைஞர்கள் ஆடிய கிளப்புகளில் பிறந்த இசை, ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரில் ரேடியோவுக்குத் திரும்பியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதில் ராபின் எஸ் பாடி 1993இல் ஹிட்டான 'ஷோ மீ லவ்' பாட்டின் சாயல் இருக்கிறது. அந்தப் பழைய பாட்டை எழுதிய ஆலன் ஜார்ஜ், ஃப்ரெட் மெக்ஃபார்லேன் இருவருக்கும் புதிய பாட்டில் எழுத்தாளர் இடம் கொடுத்தார்கள், நியாயம். அதைப் பாடித் தூக்கிநிறுத்திய ராபின் எஸ் அந்தப் பட்டியலில் இல்லை. பியான்சேவுக்கு அவர் வெளிப்படையாக நன்றி சொன்னார். பெருந்தன்மை அவருடையது, எனக்கு அவ்வளவு கிடையாது. எஃப்.எம். ஸ்டேஷன்கள் அவருக்கு 1993இலிருந்து பாக்கி வைத்திருக்கின்றன என்றுதான் நான் சொல்வேன்.