ஒற்றை எஞ்சின் போர் விமானமும் அதன் உண்மை விலையும்

இஸ்ரேலியப் போர் விமானமான கிபிருக்குப் பதிலாக இலங்கை விமானப்படை எதை வாங்கலாம் என்று நண்பர்கள் சிலர் போன வாரம் முழுவதும் முகநூலில் வாதாடினார்கள். ஒருவர் இந்தியாவின் தேஜஸ் என்றார், ஒருவர் பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்யும் ஜே.எப்-17 என்றார், மற்றொருவர் சுவீடனின் கிரிப்பனை விட்டு இறங்கவேயில்லை. மட்டக்களப்பில் என் வயதுக்காரர்கள் போர்க்காலத்தில் கிபிரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிந்தவர்கள். ஆகவே இந்த வாதத்தைக் கிரிக்கெட் அணித் தெரிவைப் போல ரசிக்க என்னால் முடிவதில்லை. இருந்தாலும் கணக்கைக் கணக்காகவே பார்ப்போம்.

முதலில் விலை. 2021 பெப்ரவரியில் இந்தியா 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஏறத்தாழ 48,000 கோடி இந்திய ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. வகுத்துப் பார்த்தால் ஒன்று 578 கோடி. ஆனால் தயாரிக்கும் நிறுவனம் ஒரு போர் விமானத்தின் அடிப்படை விலை 309 கோடிதான் என்றது. இரண்டும் பொய்யல்ல. உதிரிப்பாகம், தரைக் கருவிகள், பராமரிப்பு, வரி ஆகியவையே இடைவெளியை நிரப்புகின்றன. நம் வாதாடிகளோ தமக்குப் பிடித்த விமானத்துக்கு அடிப்படை விலையையும் பிடிக்காததற்கு ஒப்பந்தத் தொகையையும் எடுத்துக்கொள்கிறார்கள். அறுவடை இயந்திரம் வாங்கிய விவசாயி எவரும், மட்டக்களப்பு வாவியின் மேற்கே வயல் செய்யும் எங்கள் படுவான்கரைக்காரர் எவரும், இந்தத் தவறைச் செய்யமாட்டார். கதிர் முற்றி நிற்கும் நாளில் உதிரிப்பாகம் கிடைக்குமா என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

பறக்கும் செலவிலும் இதே சிக்கல் உண்டு. கிரிப்பன் ஒரு மணி நேரம் பறக்க 4,700 டொலர், அமெரிக்காவின் எப்-16 பறக்க 7,000 டொலர் என்று 2012இல் ஜேன்ஸ் என்ற பாதுகாப்புத்துறை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வை இன்றும் பகிர்கிறார்கள். அந்த ஆய்வைக் கேட்டுப் பெற்றது கிரிப்பனைச் செய்யும் சாப் நிறுவனமே என்பதை யாரும் சேர்த்துப் பகிர்வதில்லை. கிரிப்பனின் வடிவமைப்பு சிக்கனமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு தொழில்நுட்பவியலாளரும் ஐந்து கட்டாயச் சேவைச் சிப்பாய்களும் பத்தே நிமிடத்தில் அதை மீண்டும் பறக்கத் தயாராக்கும்படி சுவீடன்காரர்கள் திட்டமிட்டிருந்தார்கள்.

செயற்திறனைப் பொறுத்தவரை, வேகத்தையும் உந்துவிசையையும் வைத்துச் சண்டையிடுவதில் பயன் குறைவு. தேஜஸின் உந்துவிசை ஏறத்தாழ 85 கிலோ நியூட்டன், உச்சப் புறப்பாட்டு எடை 13.5 தொன். கிரிப்பனின் புதிய ஈ வகைக்கு இவை 98, 16.5; எப்-16இன் புளொக் 70 வகைக்கு 131, 21.8. எடையையும் கிலோ நியூட்டனாக மாற்றி, முழுச் சுமையில் உந்துவிசையை அந்த எடையால் வகுத்தால் மூன்றும் 0.6க்கும் 0.65க்கும் இடையில் வந்து நிற்கின்றன. எவ்வளவு ஆயுதத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம், ராடார் எவ்வளவு தொலைவு பார்க்கும் என்பவற்றில்தான் மெய்யான வேறுபாடு இருக்கிறது.

என் பார்வையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது எஞ்சின். தேஜஸ், கிரிப்பன், தென்கொரியாவின் எப்.ஏ-50 ஆகிய மூன்றும் அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எப்-404 அல்லது அதன் வழிவந்த எஞ்சின்களில் பறப்பவை, ஜே.எப்-17 ரஷ்யாவின் ஆர்.டி-93ஐ நம்பியிருக்கிறது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் அந்த ஒன்று வரவில்லையென்றால் மீதி வெறும் உலோகம். தேஜஸ் மார்க் 1ஏ 2024 மார்ச்சில் கையளிக்கத் தொடங்கியிருக்க வேண்டியது. அதற்கான முதல் எஞ்சினே 2025 மார்ச்சில்தான் கொடுக்கப்பட்டது. கிபிரின் கதையும் இதுவே. இஸ்ரேல் செய்த விமானம் என்றாலும் உள்ளே இருப்பது அமெரிக்க ஜே-79 எஞ்சின் என்பதால், 1977இல் ஈக்குவடோருக்கு 24 கிபிர்களை விற்க இஸ்ரேல் முயன்றபோது அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரின் அரசு அதைத் தடுத்துவிட்டது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே கையெழுத்திட மூன்றாம் ஒருவர் இருக்கிறார் என்பதை எந்த ஒப்பீட்டு அட்டவணையும் காட்டுவதில்லை.

நம்மைப் போலவே கிபிர் வைத்திருந்த கொலம்பியா, 2025 நவம்பரில் 17 கிரிப்பன்களுக்கு 310 கோடி யூரோவுக்கு ஒப்பமிட்டது. விமானம் ஒன்றுக்கு 18 கோடி யூரோவுக்கும் மேல். 2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க ஏறத்தாழ 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாடு நம்முடையது.

"அப்படியானால் நீங்கள் எதைத் தெரிவுசெய்வீர்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இப்போதைக்கு இவற்றில் ஒன்றையும் அல்ல. வானில் நம்மோடு மோத வரும் எதிரி எவரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. காவல் வேண்டியிருப்பது கடலுக்கு. 2022 ஆகஸ்டில் இந்தியா கொடுத்த டோர்னியர் 228 காற்றாடி எஞ்சின் பூட்டிய, மெதுவாகப் பறக்கும் விமானம். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகு ஒன்று எஞ்சின் பழுதாகி மிதந்துகொண்டிருந்தால், அதைத் தேடிக் கண்டுபிடிக்க அந்த மெதுவான வேகம்தான் வேண்டும்.