மெதுவாகத் திட்டு

(கலிஃபோர்னியாவில் ஒரு கோடைச் சனிக்கிழமை. அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில் ஒரு ரப்பர் படகு. பின்னால் கைடு பெண், நடுவில் நண்பர்கள் நாலு பேர், முன்வரிசையில் குமாரும் பாஸ்கரும். ட்ரபிள்மேக்கர் என்று பெயர் வைத்த பாறைச் சரிவை இப்போதுதான் தாண்டியிருக்கிறார்கள். படகு முழுதாகத் தாண்டியது. பாஸ்கர் தனியாகத் தாண்டினான்.)

பாஸ்கர்: டேய் குமார்! நீ மனுஷனாடா!

குமார்: உஷ்! இங்கே கத்தக் கூடாது.

பாஸ்கர்: ஆற்றில் விழுந்து வந்திருக்கிறேன். கத்தாமல் பாட்டா பாடுவேன்?

குமார்: பாட்டும் கூடாது. இது அமைதிப் பகுதி. கொலோமா என்கிற ஊரைச் சுற்றிக் கரையெல்லாம் வீடுகள். கிரீன்வுட் ஓடை வரைக்கும் படகில் போகிறவர்கள் சத்தம் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது.

பாஸ்கர்: (குசுகுசுவென்று) நீ மனுஷனாடா?

குமார்: ம், இந்த அளவு போதும்.

(குசுகுசுத்துத் திட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எவ்வளவு கோபமாகச் சொன்னாலும் ரகசியம் சொல்வது போலவே இருக்கும்.)

பாஸ்கர்: 'மச்சி, சும்மா ஒரு படகுச் சவாரி, காற்று வாங்கிவிட்டு வரலாம்' என்றாயே. கையெழுத்து வாங்கிய தாளில் மரணம், ஊனம் என்று போட்டிருந்தது.

குமார்: அது வக்கீல் எழுதுவதுடா. படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் முறை. உன்னை யார் படிக்கச் சொன்னது?

பாஸ்கர்: ஹெல்மெட் கொடுத்தபோதே நான் காருக்குத் திரும்பியிருக்க வேண்டும். காற்று வாங்குகிறவனுக்கு எதற்கு ஹெல்மெட்?

குமார்: ரொம்பப் பேசாதே. இது வெறும் கிளாஸ் 3. ஆற்றுச் சரிவு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துப் பிரித்த மொத்தம் ஆறு கிளாஸ். ஆறாவதில் தவறினால் காப்பாற்றவே முடியாமல் போகலாம். இது அதில் பாதிதான்.

பாஸ்கர்: சரிதான். எனக்கும் பாதி உயிர்தான் போயிருக்கிறது. கணக்கு உதைக்கவில்லை.

குமார்: விழுந்தது உன் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, விழுந்த பிறகு செய்தது. கைடு என்ன சொன்னாள்? மல்லாந்து படு, கால் இரண்டையும் ஆறு போகிற பக்கம் நீட்டு, மூக்கும் கால் விரலும் தண்ணீருக்கு மேலே தெரியவேண்டும். எழுந்து மட்டும் நிற்காதே. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் பின்னால் வருகிற தண்ணீர் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். நீ எழுந்து நிற்கப் பார்த்தாய்!

பாஸ்கர்: சின்ன வயதுப் பழக்கம்டா. விழுந்தால் எழுந்திரு என்றுதான் எல்லா வாத்தியாரும் சொன்னார்கள். விழுந்தால் படுத்துக்கொள் என்று ஒருத்தர் சொல்லவில்லை.

குமார்: நான்தானே உன் லைஃப் ஜாக்கெட் வாரைப் பிடித்துத் தூக்கிப் போட்டேன்? ஒரு நன்றி உண்டா?

பாஸ்கர்: தூக்கினாய், சரி. தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை தண்ணீருக்குள் அமுக்கினாயே, அது எதற்கு?

குமார்: அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு அமுக்கு அமுக்கினால் ஜாக்கெட் தானாக மேலே எழும்பும். அந்த வேகத்தோடு இழுத்துவிடலாம்.

பாஸ்கர்: ஓ. நான் போன மாத வாடகை பாக்கிக்காக என்று நினைத்தேன்.

(கைடு முன்னால் துழாவச் சொல்கிறாள். மற்றவர்கள் முன்னால் துழாவுகிறார்கள். பாஸ்கர் கரைப் பக்கமாகத் துழாவுகிறான்.)

பாஸ்கர்: தண்ணீர் ஏன்டா இப்படிக் குளிர்கிறது?

குமார்: சியரா நெவாடா மலையில் பனி உருகி வருகிறது. மேலே அணையில் தேக்கி, மின்சாரம் எடுத்துத் திறந்துவிடுகிறார்கள். கோடையில் நாம் படகு விட முடிவதே அதனால்தான்.

பாஸ்கர்: அப்போ இது ஆறாகப் பார்த்துச் செய்தது இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்து திறந்துவிட்டிருக்கிறான். அவன் போன் நம்பர் கிடைக்குமா?

குமார்: அதை விடு, என் உதட்டைப் பார். எப்படி வீங்கியிருக்கிறது? துடுப்பின் முனையில் இருக்கிற 'டி' பிடியை மட்டும் விட்டுவிடாதே, விட்டால் பக்கத்து ஆளின் பல் போகும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். விழும்போது விட்டாயே!

பாஸ்கர்: நிஜமாகவா? (முதல் தடவையாக முகம் மலர்கிறது.) பல் ஆடுகிறதா?

குமார்: இல்லை.

பாஸ்கர்: ப்ச்.

குமார்: சரி, கோபத்தை விடு. இந்தக் கரையைப் பார்த்துக்கொள். 1848 ஜனவரியில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டது இங்கேதான். மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த மனிதர். ஆலைத் தண்ணீர் வெளியேறுகிற வாய்க்காலில் ஏதோ மினுக்கியது. அப்புறம் உலகமே இங்கே ஓடிவந்தது.

பாஸ்கர்: (தன் விரலைப் பார்க்கிறான். திருப்பிப் பார்க்கிறான். இன்னொரு கையையும் பார்க்கிறான்.) டேய். என் மோதிரம்.

குமார்: எந்த மோதிரம்?

பாஸ்கர்: கல்யாண மோதிரம்டா! குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி நழுவியிருக்கிறது. ஊரே வந்து தங்கம் எடுத்துப் போன ஆற்றில் தங்கம் போட்டுவிட்டுப் போகிறவன் நான் ஒருத்தன்தான். வீட்டில் என்ன சொல்வேன்?

குமார்: மனசைத் தேற்றிக்கொள். கண்டுபிடித்த மார்ஷலே கடைசியில் கையில் காசில்லாமல்தான் செத்தார்.

பாஸ்கர்: அவர் வீட்டம்மாவிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததா?

குமார்: அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பாஸ்கர்: அதனால்தான் அவருக்குத் தங்கம் கண்ணில் பட்டிருக்கிறது.

(கிரீன்வுட் ஓடை வந்து சேர்கிறது. அமைதிப் பகுதி முடிகிறது. பாஸ்கர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறான்.)

குமார்: (அவசரமாக) இரு இரு! திட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள். இன்னும் பாதி ஆறு இருக்கிறது. இனிமேல்தான் பள்ளத்தாக்கு.

பாஸ்கர்: என்னென்ன வரும்? ஒளிக்காமல் சொல்லு.

குமார்: சேட்டன்ஸ் செஸ்பூல் வரும், அதாவது சாத்தானின் சாக்கடைக் குழி. அதைத் தாண்டினால் ஹாஸ்பிடல் பார். அதை ஒட்டியே ரெக்கவரி ரூம். எல்லாம் பாறைச் சரிவுகளின் பேர்தான், பயப்படாதே.

பாஸ்கர்: நான் ஏன் பயப்படுகிறேன்? அந்த ஹாஸ்பிடல் நம் கம்பெனி இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்.