கஷாயம் குழந்தையின் இரத்தப் புற்றுநோயைக் குணமாக்காது

“கீமோதெரபி பிள்ளையைக் கொன்றுவிடும், பப்பாளி இலைச்சாறும் நித்தியகல்யாணிக் கஷாயமும் போதும்” என்ற செய்தி மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய். உயிரைப் பறிக்கும் பொய்.

நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்து பிரிக்கப்படுகிறது என்பது உண்மை. 1960களிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள். ஆனால் இலையில் அது மிக நுண்ணிய அளவே உண்டு. சுத்திகரித்து, குழந்தையின் உடலளவுக்குக் கணக்கிட்டு, இரத்த நாளத்தில் மட்டுமே ஏற்றுவார்கள். கொல்லைச் செடியைக் காய்ச்சிக் கொடுத்தால் நஞ்சுதான் உள்ளே போகும். பப்பாளி இலையோ டெங்கிக் காய்ச்சலில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்காக ஆராயப்பட்டது; அதனால் இரத்தப் புற்றுநோய் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை.

மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்களின் 2003ஆம் ஆண்டுக் கூட்டுச் சிகிச்சைத் திட்டத்தில், ஆறு ஆண்டுகள் கழித்தும் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உயிருடன் இருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் கீமோதெரபிதான்.

முடி கொட்டும், வாய்ப்புண் வரும், தொற்று அபாயமும் உண்டு. பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். சில வாரங்களிலேயே பிள்ளை ஓடியாடுவதைப் பார்த்து நிறுத்திவிட்டால் எஞ்சிய புற்றணுக்கள் பெருகிவிடும். வளரும் நாடுகளில் பல பிள்ளைகளை இழப்பது இப்படித்தான்.

நீடித்த காய்ச்சல், வெளிறிய முகம், காரணமில்லாத கன்றல், எலும்பு வலி இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் உடனே இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.