தப்பாக நினைக்காதீங்க மாப்பிள்ளை

(சிங்கப்பூர் யீஷூன், அடுக்குமாடி கார்பார்க், ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளை அட்டையை விரித்துத் தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். மாமனார் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டு மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது என்பது வழக்கம். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.)

மாப்பிள்ளை: கியர்பாக்ஸ் போய்விட்டது மாமா. வண்டி வைத்துக்கொள்ளும் உரிமம், சிஓஇ, முடிய இன்னும் 4 வருஷம் இருக்கிறது, அதற்குள் இப்படி. இன்ஜினைப் பிரித்துவிட வேண்டியதுதான், ராத்திரி முழுக்க வீடியோ பார்த்துவிட்டேன்.

மாமா: தப்பாக நினைக்காதீங்க மாப்பிள்ளை, பிரிப்பதற்கு முன்னால் வண்டிக்கு என்னதான் கோளாறு என்று ஒரு தடவை சொல்லிவிடுங்க.

மாப்பிள்ளை: சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. கிளட்சை முழுசாகப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகர்கிறது, நேற்று உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட் வரிசையில் முன்னால் நின்றவருடைய வண்டியின் பின்பெட்டியில் போய் முட்டினேன், அவர் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை, அப்படியே ஜொகூருக்குப் போகாமல் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

மாமா: இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரல் போடுங்க.

(போடுகிறார். டக்கென்று விழுகிறது.)

மாமா: அணைத்தால் மட்டும் ஒழுங்காக விழுகிறது என்றால் கியர்பாக்ஸ் மேல் ஏன் பழி போடுகிறீங்க? கிளட்ச் பிளேட்டுகள் சரியாகப் பிரியவில்லை. லீவரைப் பிடித்தாலும் இன்ஜினின் இழுவை கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. லீவரை மெதுவாக இழுங்க, கேபிள் இறுகுகிற வரைக்கும் எவ்வளவு தூரம் சும்மா வருகிறது?

மாப்பிள்ளை: ஒரு 3 விரல் அளவு.

மாமா: பெரும்பாலான வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்கும், சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பார்கள். இந்தக் கேபிளில் துணி காயப்போடலாம் மாப்பிள்ளை. யார் இப்படித் தளர்த்தியது?

மாப்பிள்ளை: நான்தான். போன வாரம் வேறு கோளாறு. எஸ்எல்இ விரைவுச்சாலையில் ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை, ஒரு சிமெண்ட் லாரி என்னைத் தாண்டிப் போனது மாமா. கேபிள் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் நழுவும், தளர்த்து என்று வீடியோவில் சொன்னார்கள்.

மாமா: அவர்கள் சொன்னது சரி. உங்கள் கேபிள் இறுக்கமாக இருந்ததா?

மாப்பிள்ளை: அதைப் பார்க்கச் சொல்லவில்லையே.

மாமா: (மூச்சை இழுத்து விட்டு) நான் ஒன்றும் சொல்லவில்லை. லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகுங்க. இன்ஜின் பக்கத்தில் லாக்நட்டைத் தளர்த்தி அளவை அங்கே கொண்டு வாங்க, பிறகு நட்டை இறுக்கிவிட்டு, மிச்சம் மீதியை லீவர் பக்கத்திலேயே சரி பண்ணிக்கொள்ளலாம். கேபிள் முனையில் இழை பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்க, பிரிந்திருந்தால் புதுசுதான் போட வேண்டும். அது ஸ்பேனர். நீங்க எடுத்தது பிளையர்.

(கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே நியூட்ரல் விழுகிறது. மாப்பிள்ளை உற்சாகமாக மேல் தளத்துக்கு ஒரு சுற்றுப் போகிறார். சரிவில் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் மேலே போகிறது, வண்டி பின்னால் யோசித்துக்கொண்டு போகிறது. திரும்பி வருகிறார்.)

மாப்பிள்ளை: பழையபடி நழுவுகிறது மாமா! நீங்கள் சொன்ன அளவுதானே வைத்தேன்?

மாமா: அளவு சரி. ஜொகூர் போகிற காஸ்வே பாலத்து நெரிசலில் அரை கிளட்சிலேயே ஊர்ந்து பிளேட்டைத் தேய்த்துவிட்டீங்களோ?

மாப்பிள்ளை: பிளேட் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. எண்ணெய் மாற்றுகிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மாமா: எண்ணெய் எப்போது மாற்றினீங்க?

மாப்பிள்ளை: அதுவும் போன வாரம்தான். நானே மாற்றினேன், கடைக்காசு மிச்சம்.

மாமா: என்ன எண்ணெய்?

மாப்பிள்ளை: நல்ல எண்ணெய் மாமா. முழு சிந்தெடிக். 0டபிள்யூ-20.

(மாமா விளக்கை அணைக்கிறார்.)

மாமா: அது ஹைபிரிட் காருக்கு ஊற்றுகிறது. இந்த வண்டியில் கிளட்ச் இன்ஜின் எண்ணெயிலேயே ஊறிக்கொண்டு ஓடுகிறது, காருக்கென்று செய்த எண்ணெயில் உராய்வைக் குறைக்க மருந்து சேர்ப்பார்கள், உராய்வு போனால் கிளட்ச் எதைப் பிடிக்கும்? மோட்டார் சைக்கிள் எண்ணெய் என்றால் போத்தலில் ஜாசோ எம்ஏ என்று தர முத்திரை போட்டிருக்க வேண்டும். அது சரி, உங்களிடம் கார் இல்லையே. அந்த எண்ணெய் ஏது?

மாப்பிள்ளை: ஸ்டோர் ரூமில் சும்மா கிடந்தது மாமா.

மாமா: யார் வீட்டு ஸ்டோர் ரூமில்?

மாப்பிள்ளை: ...

மாமா: நான் வாடகைக்கு ஓட்டுகிற கிராப் காருக்கு வாங்கி வைத்தது. காணோம் என்றதும் அத்தைதான் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று கத்தினேன், அன்றிலிருந்து எனக்குக் காலைக் கோப்பி இல்லை. கீழே காப்பிக்கடையில்தான் மாப்பிள்ளை, குடித்துக்கொண்டிருக்கிறேன்!

மாப்பிள்ளை: புது எண்ணெய் நான் வாங்கித் தந்துவிடுகிறேன் மாமா. வண்டிக்கு?

மாமா: நாளைக்கு ஒர்க்ஷாப்பில் விட்டு இதை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்க, பழையதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், கால்வாயில் கொட்டிவைக்காதீங்க. கொஞ்ச நாள் ஓட்டியும் நழுவினால் பிளேட் மாற்ற வேண்டியதுதான். இப்போது லிஃப்டுக்கு வாங்க.

மாப்பிள்ளை: எங்கே மாமா?

மாமா: அத்தையிடம் நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

மாப்பிள்ளை: மாமா, இன்ஜினை ஒரு தடவை பிரித்தே பார்த்துவிடலாமே.